ஊன்றுகோலும் ஊராரும்

சென்ற மாதக் கூட்டத்திற்கு நான் கைத்தடியின்றி நடந்து வந்ததைக் கண்டு அன்பர்கள் பலர் வியப்புற்றனர். "இடுப்பு மூட்டையே மாற்றி வைத்துவிட்டார்களாமே, உண்மையா?" என்று கேட்டவர் சிலர். "எத்தனை நாள் படுக்கை? எழுந்து நடக்க எவ்வளவு காலமாயிற்று?" என்று விசாரித்தவர் சிலர். "எனக்கும் அதே வலிதான், சொல்லப் பயமாக இருக்கிறது" என்று தணிந்த குரலில் சொன்ன அம்மையார் ஒருவர். எல்லோருக்கும் வாசற்படியில் நின்றபடியே விடை கூற இயலவில்லை. அதனைக் கண்ட நம் ஆசிரியர், "எழுதியே கொடுத்துவிடுங்கள்" என்று பணித்தார்.

நான் எழுத்தாளன் அல்லன். முன்னாளில் டால்ஹௌசி சதுக்கம் எனப்பட்ட இடத்தில் ஒரு கம்பெனியில் 36 ஆண்டுகள் கணக்கு எழுதியவன். ஆகவே, எனக்குத் தெரிந்த முறையில், வரவு இன்னது, செலவு இன்னது என்று எழுதுகிறேன். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

என் நோய் முதலில் என்னை ஏமாற்றியது. வலி வந்த இடம் வலது முழங்கால். ஊரிலிருந்து வரவழைத்த தைலத்தை இரண்டு ஆண்டுகள் அந்த முழங்காலுக்கே தேய்த்தேன். நோயோ அங்கில்லை, தொடையெலும்பு இடுப்போடு சேரும் மூட்டில் இருந்தது. இவ்விரு மூட்டுகளுக்கும் பொதுவான நரம்புகள் செல்வதால், இடுப்பின் வலி முழங்காலில் தெரிவதுண்டாம். வலது காலுக்குச் செருப்பு மாட்ட முடியவில்லை. நகம் வெட்டக் குனிய முடியவில்லை. சம்மணமிட்டு உட்கார்ந்தால் தொடையிடுக்கில் கத்தி பாய்ந்தாற்போல் இருந்தது. இவையெல்லாம் இடுப்பு மூட்டின் முறையீடுகள் என்பதை அறியாமல், "வயதாகிவிட்டது" என்ற ஒரே சொல்லால் அவற்றை மூடி வைத்தேன்.

எக்ஸ்ரே எடுத்த பின்னர்தான் உண்மை வெளிப்பட்டது. இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துள் சுழலும் பந்து போன்றது. பந்து, தொடையெலும்பின் தலை. கிண்ணம், இடுப்பெலும்பிலுள்ள குழி. என் வலது தொடையெலும்பின் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குன்றி, அவ்வெலும்பு உள்ளேயே மடிந்து, உருண்டை வடிவம் இழந்துவிட்டது. ஸ்டீராய்டு மருந்துகளை நீண்ட நாள் உட்கொள்வோருக்கும், மது மிகுதியாக அருந்துவோருக்கும் இந்நோய் வருவதுண்டு. சிலருக்குக் காரணமே புலப்படுவதில்லை. நான் அந்தக் கடைசி இனத்தைச் சேர்ந்தவன்.

"மருந்தால் இந்தத் தலை மீண்டும் உருண்டையாகாது. ஆனால், எப்போது மாற்றுவது என்பதை எக்ஸ்ரே படம் மட்டும் சொல்வதில்லை; உங்கள் வாழ்க்கை சொல்லும்" என்றார் டாக்டர்.

என் வாழ்க்கை சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் செவி சாய்க்கவில்லை. எங்கள் வீடு லேக் மார்க்கெட்டுக்கு அருகில், மின்தூக்கி இல்லாத பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. மொத்தம் 38 படிகள். நாள்தோறும் விடியலில் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் நடந்து, திரும்பும் வழியில் கறிவேப்பிலையும் வாழையிலையும் காப்பிப் பொடியும் வாங்கி வருவது என் வழக்கம். முதலில் ஏரி நின்றது. பின்னர்க் கடை வாரம் ஒருமுறையாயிற்று. அதன்பின் பை என் மனைவியின் கைக்கு மாறியது. நான் பால்கனியில் அமர்ந்து, கீழே நடப்பவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அங்கு அமர்ந்திருக்கையில் என் தந்தையாரை அடிக்கடி நினைத்தேன். 1942இல் ஜப்பானியர் படையெடுத்தபோது, ரங்கூனிலிருந்து புறப்பட்ட பல இலட்சம் இந்தியருள் அவரும் ஒருவர். மலையும் காடும் மழையும் கடந்து மணிப்பூர் வழியே திமாப்பூர் வரை வந்து, அங்கே ரயிலேறிக் கல்கத்தா சேர்ந்தார். வழியில் மாண்டவர் பல்லாயிரவர். அந்தக் கால்களுக்குப் பிறந்தவன் 38 படிகளைக் கண்டு அஞ்சிக்கொண்டிருந்தேன்!

அஞ்சியதற்குக் காரணம் உண்டு. உடலிலுள்ள எலும்பை அறுத்தெடுத்து வேறொன்றை வைப்பதென்றால் எவருக்கும் நெஞ்சம் நடுங்கும். ஆனால் இது புதிய விந்தை அன்று என்பதைப் படித்தறிந்தேன். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்பவர் முதலில் டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தினார். அவை சில ஆண்டுகளிலேயே தேய்ந்து நோயாளிகளை வருத்தின. அவர் தம் தொடையிலேயே அப்பொருளைச் செலுத்திச் சோதித்தார். தவற்றை ஒப்புக்கொண்டு, வேறு பொருளைத் தேடினார். 1962 நவம்பரில் உலோகப் பந்தும் பாலிஎத்திலின் கிண்ணமும் கொண்ட மூட்டைப் பொருத்தினார். இன்று உலகெங்கும் செய்யப்படும் சிகிச்சை அதன் வழி வந்ததே.

என்னைக் கவர்ந்த மற்றொரு செய்தி என் தந்தையார் விட்டு வந்த பர்மாவைச் சேர்ந்தது. மாண்டலே பொது மருத்துவமனையில் டாக்டர் சான் பா என்பவர், 1960இல், தொடையெலும்பு முறிந்த 83 வயதுப் பௌத்தத் துறவியான மூதாட்டிக்கு யானைத் தந்தத்தில் செய்த மூட்டுத் தலையைப் பொருத்தினார். பின்னர் 300க்கு மேற்பட்டோருக்கு அவ்வாறு செய்தாராம். அவரெல்லாம் நடந்தனர் என்றால் நமக்கென்ன தடை என்று மனம் சற்றே துணிந்தது.

துணிவு வந்ததும் வேறொரு சிக்கல் தோன்றியது. எங்கே செய்துகொள்வது?

இவ்வூரில் வாழும் தமிழர் எவரும் அறிந்த வேடிக்கை ஒன்றுண்டு. வங்காளிக் குடும்பத்தில் யாருக்கேனும் பெருநோய் வந்தால், "வேலூருக்குப் போகலாமா, சென்னைக்குப் போகலாமா?" என்ற பேச்சே முதலில் எழும். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் மருத்துவமனையின் பெயர் இங்குள்ள சிறுவருக்கும் தெரியும். நான் எங்கள் தெருவின் வேலூர் ஆலோசகன்! எந்த வண்டி காட்பாடியில் நிற்கும், தங்க இடம் எங்கே கிடைக்கும், இட்டிலிக்கு மாற்றாக மீன் குழம்பு எங்கே கிடைக்கும் என்பனவற்றைப் பலருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எதிர்வீட்டு மாஷிமாவுக்கு இருதய நோய் வந்தபோது, மருத்துவமனைத் தாள்களை நிரப்பியதும் நான். அங்குள்ள என் உறவினருக்குக் கடிதம் எழுதியதும் நான்.

இப்போது அவர்கள் அனைவரும் ஒரே குரலில், "காக்கு, நீங்கள் போகாமல் யார் போவது?" என்றனர். திருச்சியிலுள்ள என் தமையனாரோ தொலைபேசியில் கட்டளையே இட்டார்: "தம்பி, புறப்பட்டு வா. சொந்த ஊர் இருக்க, அயலூரில் கத்தி வைத்துக்கொள்வானேன்?"

நான் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். அறுவை ஒரு நாளின் ஒன்றிரண்டு மணி நேரம். மீட்சியோ மூன்று மாதம். ஹௌராவிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர்; அதன்பின் திருச்சி. புதிய மூட்டோடு நெடும் பயணம் செய்தால் கால் நரம்பில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. நல்ல அறுவை மருத்துவர் இங்கும் உள்ளார், அங்கும் உள்ளார். அப்படியாயின் கேட்க வேண்டிய கேள்வி, "நல்ல ஆஸ்பத்திரி எங்கே?" என்பதன்று, "அந்த மூன்று மாதமும் என்னைத் தாங்குவோர் எங்கே?" என்பது. தமையனாருக்கு வயது 74. அவர் மக்கள் இருவரும் கடல் கடந்து வாழ்கின்றனர். நான் கல்கத்தாவிலேயே செய்துகொள்வதாக முடிவு செய்தேன். தமையனார் வருந்தினார். "உனக்கு நாங்கள் வேண்டாதவர் ஆகிவிட்டோம்" என்று கூறித் தொலைபேசியை வைத்துவிட்டார். அறுவைக்கு முன் நான் பட்ட நோவுகளுள் அதுவே பெரிது.

இனி ஆயத்தத்தைச் சொல்கிறேன். அதனை மூன்று தலைப்பில் எழுதி வைத்திருந்தேன்: உடல், வீடு, மனிதர்.

உடலுக்கு ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைப் பார்த்து, அதனைக் கட்டுக்குள் கொண்டுவரச் செய்தனர். இருதயம், இரத்தம், சிறுநீர் எல்லாம் சோதிக்கப்பட்டன. சொத்தைப் பல் இரண்டைப் பிடுங்கினர். "பல்லுக்கும் இடுப்புக்கும் என்ன உறவு?" என்று நான் நகைத்தேன். வாயிலுள்ள கிருமி இரத்தத்தில் கலந்து புதிய மூட்டில் குடியேறக்கூடுமாம். அங்கே குடியேறினால் வெளியேற்றுவது மிகக் கடினமாம். நகைப்பு அடங்கியது. வெற்றிலையோடு சேர்த்துப் போட்ட புகையிலையை விட்டேன். அது புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். வழக்கமாக உண்ணும் மாத்திரைகளுள் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை டாக்டரே சொல்ல வேண்டும், நாமாகத் தீர்மானிக்கலாகாது. தொடைத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியையும், வாக்கரைப் பிடித்து நடக்கும் முறையையும் முன்னதாகவே கற்றேன்.

வீட்டிற்கு ஒரு தச்சரை அழைத்தேன். கட்டிலின் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினார். கழிவறை இருக்கையின்மேல் உயரமான மற்றோர் இருக்கையைப் பொருத்தினார். பக்கத்தில் பிடிக்கம்பி அமைத்தார். தாழ்வான மூங்கில் மோடாக்கள் பரணுக்குச் சென்றன. தரையிலிருந்த பாய், மிதியடி, மின்கம்பி அனைத்தும் அகற்றப்பட்டன. அன்றாடம் எடுக்கும் பொருள்கள் இடுப்புயர அலமாரிக்கு வந்தன.

மனிதர் என்ற தலைப்பில்தான் பேனா தயங்கியது. மகன் பெங்களூரிலிருந்து பத்து நாள் விடுப்பில் வருவான். பிறகு? பிறரிடம் உதவி கேட்டு எனக்குப் பழக்கமில்லை. பிழைக்க வந்த ஊரில் யாருக்கும் பாரமாக இருக்கலாகாது என்பது என் தந்தையார் விதித்த விதி. என் மனைவி பேனாவை வாங்கி, தானே எழுதினாள். "நீங்கள் எத்தனை பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தீர்கள்? அவர்கள் பெயரெல்லாம் எங்கே?" என்று கேட்டாள். ஆறு பெயர்கள் சேர்ந்தன. அவற்றுள் தமிழ்ப் பெயர் இரண்டே.

ஆடி மாதம் பிறந்து இரண்டாம் வாரம் அறுவை நடந்தது. "ஆடியிலா?" என்று உறவினர் சிலர் முகம் சுளித்தனர். எலும்பு மாதம் பார்ப்பதில்லை என்று நான் சொல்லிவிட்டேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழக்கச் செய்தனர். கண் அயர்ந்திருந்தேன், தச்சுப் பட்டறையின் ஓசை போன்ற ஒன்று எங்கோ கேட்டது. மறுநாள் காலை பயிற்சி தரும் அம்மையார் வந்து, "எழுந்து நில்லுங்கள்" என்றார். நின்றேன். நான்கு அடி நடந்தேன். தையல் வலித்தது. ஆயினும் பழைய வலி, அந்தக் கத்திப் பாய்ச்சல், இல்லை. அதனை உணர்ந்தபோது என் கண்கள் நிறைந்தன.

எனக்குச் செய்த முறைக்கு மூன்று விலக்குகளை விதித்தனர். இடுப்பைச் செங்கோணத்திற்கு மேல் மடக்கலாகாது. கால்மேல் கால் போடலாகாது. அறுவை செய்த காலை உட்புறமாகத் திருப்பலாகாது. தசைகள் ஆறுமுன் இவற்றை மீறினால் பந்து கிண்ணத்தைவிட்டு நழுவிவிடும். அறுவை முறைக்கேற்ப விலக்குகள் மாறுமாதலால், ஒவ்வொருவரும் தம் டாக்டரிடம் கேட்டறிவது முறை. இரவில் இரு கால்களுக்கிடையே தலையணை வைத்துத் துயின்றேன். இரத்தம் உறையாதிருக்க ஐந்து வாரம் மாத்திரை உண்டேன்.

ஐந்தாம் நாள் வீடு திரும்பினேன். 38 படிகள் காத்திருந்தன. தெருவிலுள்ள கிளப் இளைஞர்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்லவே வந்திருந்தனர். நான் ஏறிப் பார்ப்பதாகச் சொன்னேன். ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோயுற்ற கால் முன்னே என்பது பாடம். ஊன்றுகோல் நோயுற்ற காலுக்கு எதிர்ப்புறக் கையில் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் இளைஞர்கள் பூஜைப் பந்தல் நாற்காலி ஒன்றைப் போட்டு வைத்திருந்தனர். முன்னே ஒருவன், பின்னே ஒருவன். எதிர்வீட்டு மாஷிமா கீழே நின்று, "ஆஸ்தே, ஆஸ்தே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மெல்ல, மெல்ல! இருபது நிமிடத்தில் வீடு சேர்ந்தேன்.

மூன்றாம் வாரத்தில் ஒரு பிழை செய்தேன். மகன் திரும்பிச் சென்றிருந்தான். மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். கையிலிருந்த செய்தித்தாள் தரையில் விழுந்தது. கீழ்வீட்டுப் பையனை அழைத்தால் வருவான். ஒரு செய்தித்தாளுக்காக ஒருவனை அழைப்பதா என்ற வீண் எண்ணம். நாற்காலியிலிருந்தபடியே குனிந்தேன், கால் உட்புறம் திரும்பியது, இடுப்பில் ஏதோ அசைந்தாற்போல் ஓர் உணர்வு. அப்படியே உறைந்துபோனேன். நிமிரவும் அச்சம், அசையவும் அச்சம். முடிவில் உரக்கக் கூவினேன். பையன் ஓடி வந்து என் தோளைத் தாங்கி நிமிர்த்தினான். படம் எடுத்துப் பார்த்ததில் மூட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. இறைவன் காத்தான். அன்று அந்தப் பதினெட்டு வயதுப் பையன் சொன்ன சொல்லை மறவேன்: "காக்கு, கூப்பிடாமல் இருந்தால்தான் எங்களுக்குத் தொல்லை."

பின்னர் மகாளய அமாவாசை வந்தது. அந்நாளில் கங்கைக் கரைக்குச் சென்று தந்தையாருக்குத் தர்ப்பணம் செய்வதை நான் ஓராண்டும் தவறவிட்டதில்லை. இவ்வாண்டு வழுக்கும் படித்துறையில் இறங்க முடியாது; தரையில் அமரவும் முடியாது. விடியற்காலை நான்கு மணிக்கு, தெருவெங்கும் வானொலியில் வீரேந்திர கிருஷ்ண பத்ரரின் சண்டி பாராயணம் ஒலித்தது. தலையணையைக் காலிடையே வைத்தபடி விழித்துக் கிடந்தேன். நடந்தே உயிர் காத்து எங்களை வாழவைத்தவருக்கு, நாற்காலியில் அமர்ந்தா எள்ளும் நீரும் விடுவது என்று மனம் குமைந்தது.

ஏழு மணிக்குக் கதவு தட்டும் ஓசை. எதிர்வீட்டுக்காரர், மாஷிமாவின் கணவர், ஈர வேட்டியோடு நின்றிருந்தார். தம் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்துவிட்டு வருகிறார். கையில் ஒரு புட்டி. "உங்களால் இன்று போக முடியாதல்லவா? கங்கை நீர் கொண்டுவந்தேன்" என்றார். நான் கேட்கவில்லை; என் மனைவியும் கேட்கவில்லை. பால்கனியில் உயரமான நாற்காலியில் அமர்ந்து, அந்த நீரால் தர்ப்பணம் செய்தேன். மனைவி தட்டை ஏந்தி நின்றாள். தந்தையார் குறைபட்டிருக்கமாட்டார் என்றே நம்புகிறேன். நடையின் அருமையை அறிந்தவர் அவர்.

மூன்றாம் மாத முடிவில் ஊன்றுகோலையும் விட்டேன். தீபாவளிக்குத் தமையனார் வந்தார். நான் அழைத்த அழைப்பைவிட, பார்க்க வேண்டும் என்ற பாசமே அவரை அழைத்து வந்திருக்கும். நான்கு நாள் தங்கினார். கீழ்வீட்டுப் பையன் பால் வாங்கி வருவதையும், மாஷிமா மாலையில் வந்து என் மனைவியோடு காப்பி அருந்துவதையும், கிளப் இளைஞர்கள் படியில் என்னைக் கண்டதும் ஒதுங்கி வழிவிடுவதையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும் நாளன்று, "தம்பி, நீ செய்தது சரிதான். நம் ஊரில் எனக்கே இத்தனை பேர் இல்லையப்பா" என்றார். அச்சொல்லில் மகிழ்வதா வருந்துவதா என்று தெரியாமல் அவர் பெட்டியைத் தூக்கப் போனேன். "அதை விடு, குனியாதே!" என்று அதட்டினார்.

இனிக் கணக்கை முடிக்கிறேன். செலவுப் பக்கம்: தரையைப் பெரும்பாலும் இழந்தேன். சம்மணமிட்டுப் பந்தியில் அமர்வதும், கோயிலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குவதும் இனி இல்லை; நின்று கைகூப்புகிறேன். மெட்ரோ நிலையத்தில் சோதனை வாயில் என்னைக் கண்டால் ஒலியெழுப்புகிறது. காவலருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. வரவுப் பக்கம்: வலியற்ற உறக்கம், 38 படிகள், ஏரிக்கரை விடியல். இந்த மூட்டு எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்பீர்கள். 2019இல் வெளியான ஆய்வொன்றின்படி, நூறு மூட்டுகளில் ஏறக்குறைய 58, 25 ஆண்டுகள் நிலைக்கின்றன. என் வயதுக்கு அது போதும்.

பொருத்திய மூட்டின் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். 2010இல் உலோகத்தோடு உலோகம் உரசும் ஒருவகை மூட்டு உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அத்தகைய சமயத்தில் தம் உடலில் இருப்பது எது என்று அறிந்திருப்பது பெருந்துணை.

கடைசியாக ஒரு செய்தி. என் வாக்கர், கழிவறை உயர இருக்கை, நீண்ட பிடியுள்ள செருப்புக் கரண்டி, கட்டிலுக்கு வைத்த நான்கு மரக்கட்டைகள் ஆகியவற்றைச் சங்கத்தின் அறையில் ஒப்படைத்திருக்கிறேன். தேவைப்படும் அன்பர்கள் எடுத்துச் சென்று, நடக்கத் தொடங்கியதும் திருப்பித் தருக. காதோடு பேசிய அந்த அம்மையாருக்கு மட்டும் தனியே ஒன்று சொல்வேன்: கட்டில், கமோடு இவற்றுக்கு முன்னால், ஒரு காகிதம் எடுத்து ஆறு பெயர்களை எழுதுங்கள். இடம் போதாவிடில், ஏழாவதாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இப்போது என்னால் எத்தனை படியும் ஏறி வர முடியும்.